அத்தியாயம் 5: ஹவுஸ் லீக்கா, ட்றிப்பிள் ஏயா?

மார்ச் மாதம் முடிகிற நாட்களில் அரீனாவில் பேச்சின் தொனி மாறிவிடும். ஆறு மாதமாகக் கோப்பிக் குவளையும் கையுமாய்க் கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஒன்றாகக் கத்திய பெற்றோர், குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்குவார்கள். "அண்ணை, அடுத்த வருசம் மகனை எங்கை விடப்போறியள்?" என்று ஒருவர் கேட்பார். "டபிள் ஏக்கு ஒருக்காப் பாக்கச் சொல்லி கோச் சொன்னவர்" என்று மற்றவர் சொல்லுவார். கேட்டவருக்கு அன்றிரவு நித்திரை வராது. நம்முடைய பிள்ளை மட்டும் ஹவுஸ் லீக்கிலேயே கிடந்துவிடுமோ, இந்த வருசம் விட்டால் பிறகு ஏறமுடியாதோ என்று புரளுவார். அந்த இரவுக்குத்தான் இந்த அத்தியாயம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏ, டபிள் ஏ, ட்றிப்பிள் ஏ என்பவை பிள்ளைக்குப் போடும் புள்ளிகள் அல்ல. அந்த அணி வாரத்தில் எத்தனை நாள் ஐஸில் நிற்கும், ஆட்டம் எவ்வளவு வேகமாய் இருக்கும், உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு பணமும் நேரமும் போகும் என்பதையே அவை சொல்லுகின்றன. இவ்வளவையும்கூட அந்த ஊருக்கும் அந்த வயதுக்கும் மட்டுமே சொல்லுகின்றன.

வயதுக் கணக்கிலிருந்து தொடங்குவோம். நொவிஸ், அட்டம், பீவீ, பான்ரம், மிட்ஜெற் என்ற பழைய பெயர்களை ஹொக்கி கனடா 2020இல் கைவிட்டு எண்ணுக்கு மாறியது. அரீனாவில் பழைய ஆட்கள் இன்னும் பீவீ என்றுதான் சொல்லுவார்கள். யூ 13 என்று விளங்கிக்கொள்ளுங்கள். யூ 11 என்றால் பதினொரு வயதுக்குக் கீழ். பருவம் தொடங்கும் ஆண்டின் டிசம்பர் 31ஐ வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். 2025 செப்டெம்பரில் தொடங்கிய பருவத்தில் ரொறன்ரோவின் யூ 11 போட்டி அணியில் இருப்பவர்கள் 2015இல் பிறந்தவர்கள். ரொறன்ரோவில் இந்த மட்டத்தில் யூ 10, யூ 11, யூ 12 என்று ஒவ்வொரு பிறந்த ஆண்டுக்கும் தனி அணி. நாட்டின் வேறு பல இடங்களில் இரண்டு ஆண்டுப் பிள்ளைகள் ஒரே யூ 11இல் ஆடுவார்கள்.

இந்த டிசம்பர் 31க்குள் ஒரு பெரிய கதை இருக்கிறது. 2015 ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே ட்றைஅவுட்டில், அதாவது அணித் தேர்வில், நிற்கும். ஒன்பது, பத்து வயதில் பதினொரு மாதம் என்பது உயரத்திலும் எடையிலும் நன்றாகவே தெரியக்கூடும். ரோஜர் பார்ன்ஸ்லி என்ற கனடிய உளவியலாளர் தம் சகாக்களோடு 1985இலேயே இதைச் சுட்டிக்காட்டினார்: மேல்மட்ட ஹொக்கி அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் கூட்டமாய் இருக்கிறார்கள், கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் அருகித்தான் காணப்படுகிறார்கள். பிறந்த மாதம் திறமை தருவதில்லை. சற்று மூத்த, சற்றுப் பெரிய பிள்ளையைக் கோச் எடுக்கிறார். எடுபட்ட பிள்ளைக்கு அதிக ஐஸ், நல்ல பயிற்சி கிடைக்கிறது. அடுத்த ஆண்டு அது உண்மையிலேயே கெட்டிக்காரப் பிள்ளை ஆகிவிடுகிறது. உங்கள் பிள்ளை ஒக்ரோபருக்குப் பிறகு பிறந்திருந்தால் யூ 10இல் கிடைக்காத இடத்தை நினைத்து மனம் உடையவேண்டாம். ஒன்ராறியோப் பள்ளிக்கூடங்களும் ஜனவரி முதல் டிசம்பர்வரைதான் வகுப்புப் பிரிக்கின்றன. ஆகவே கிண்டர்கார்ட்டனில் கடைசியாகச் சப்பாத்து நாடா கட்டப் பழகிய டிசம்பர்ப் பிள்ளையை நீங்கள் முன்பே பார்த்திருப்பீர்கள்.

யூ 7, யூ 9 வயதுகளில் படிநிலைபற்றி யோசிக்கவே தேவையில்லை. முழு மைதானம் 200 அடி நீளம், 85 அடி அகலம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு வயல்வெளி. அதனால் இந்த வயதினரைப் பாதி ஐஸில் ஆடவைக்கிறார்கள். யூ 7க்கு ஹொக்கி கனடா 2017இல் இதைக் கட்டாயமாக்கியது. பின்னர் யூ 9க்கும் பருவத்தின் முதல் பகுதிக்கு வந்தது. "இது என்ன ஹொக்கி, அரை மைதானத்திலையோ?" என்று முகம் சுழிக்கிற தகப்பன்மார் உண்டு. இடம் சுருங்கினால் பக் அடிக்கடி காலடிக்கு வரும் என்பதை ஒரு சனிக்கிழமை எண்ணிப் பார்த்தால் அவர்களே ஒத்துக்கொள்வார்கள். இந்த வயதில் கேட்கவேண்டிய ஒரே கேள்வி, பிள்ளை பின்னோக்கிச் ஸ்கேற் பண்ணுகிறதா என்பதுதான். இல்லையென்றால் ஹொக்கி வகுப்பைக் கூட்டாமல், ஸ்கேற் கனடாவின் கான்ஸ்கேற் போன்ற அடிப்படை வகுப்பு ஒன்றில் சேர்த்துவிடுங்கள்.

ஒன்ராறியோவில் உண்மையான பிரிவு யூ 10இல் வருகிறது. மூன்று வாசல்கள் திறக்கும்.

முதல் வாசல் ஹவுஸ் லீக். பதிவு செய்த எல்லாப் பிள்ளைக்கும் இடம் உண்டு. அணிகளைக் கூடியவரை சமபலமாகப் பிரிப்பார்கள். பெரும்பாலும் வாரத்துக்கு ஓர் ஆட்டம், இடத்தைப் பொறுத்து ஒரு பயிற்சி. பல ஹவுஸ் லீக்குகளில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். அடித்தால் ஐஸில் நிற்கிற எல்லாரும் மாறவேண்டும். கோச்சின் மகன் என்றாலும் மாறத்தான் வேண்டும். செலவு சில நூறு டொலர்களிலிருந்து ஆயிரம் சொச்சம்வரை.

இரண்டாவது வாசல் செலக்ட். ஹவுஸ் லீக்கில் ஆடிக்கொண்டே, அங்கிருந்து பொறுக்கியெடுத்த பிள்ளைகளோடு வேறு ஊர்ச் செலக்ட் அணிகளை எதிர்த்தும் ஆடுவது. ஹவுஸ் லீக் கட்டணத்துக்கு மேல் இன்னொரு கட்டணம். நம்மவர்கள் அதிகம் பேசாத வாசல் இது. நான் யாருக்கும் முதலில் சொல்லுவதும் இதைத்தான். போட்டியின் சுவை தெரியும், வார இறுதி முழுதும் தொலையாது, ஹவுஸ் லீக் கூட்டாளிகளும் கைவிட்டுப் போகமாட்டார்கள்.

மூன்றாவது, றெப். ஏ, டபிள் ஏ, ட்றிப்பிள் ஏ எல்லாம் இதற்குள்தான் வருகின்றன. இரண்டு பயிற்சி, இரண்டு ஆட்டம் என்று வாரம் நான்கு நாள் ஐஸ்; அதற்கு வெளியே ஜிம், ஸ்கேற்றிங் வகுப்பு, நான்கைந்து சுற்றுப்போட்டிகள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, மிருதங்கம், தைப்பொங்கல் எல்லாம் இந்த அட்டவணையோடு மோதும். மோதட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் கையெழுத்துப் போடமுன் ஒரு நாட்காட்டியில் எல்லாவற்றையும் எழுதிப் பார்க்கவேண்டும்.

ஸ்காபரோவில் இருப்பவர் ஜி.ரி.எச்.எல். (கிறேற்றர் ரொறன்ரோ ஹொக்கி லீக்) எல்லைக்குள் வருவார். 1911இல் ரொறன்ரோவின் பீச்சஸ் பகுதியில் சிறு லீக்காகத் தொடங்கி, இன்று சுமார் 40,000 பேர் சேர்ந்திருக்கும் அமைப்பு அது. அங்கே மேலிருந்து கீழாக ட்றிப்பிள் ஏ, டபிள் ஏ, ஏ என்று மூன்றே படிகள். ஏஜக்ஸ், பிக்கறிங், விற்பி பக்கம் வீடு மாறியவர் ஓ.எம்.எச்.ஏ. (ஒன்ராறியோ மைனர் ஹொக்கிச் சங்கம்) எல்லைக்குள் போய்விடுவார். அங்கே ஏக்குக் கீழே பிபி, பி என்று இன்னும் படிகள் இறங்கும். சில இடங்களில் வீட்டு முகவரியே எந்த அணிக்கு முயலலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த முகவரி விதிகள் அடிக்கடி மாறுகின்றன. போன வருசம் மைத்துனர் சொன்னதை நம்பி ட்றைஅவுட்டுக்குப் போகாமல், அந்த ஆண்டின் விதியைச் சங்கத்திடமே கேளுங்கள்.

மொன்றியலில் இருக்கும் சித்தப்பா மகன் பிபியில் ஆடுகிறான் என்று கேட்டு, "அட, எங்கட ஆள் ஏயில ஆடுறான்" என்று மனதுக்குள் மகிழ்ந்துவிடாதீர்கள். கியூபெக்கில் இரட்டை எழுத்து ஒற்றை எழுத்துக்கு மேலே. அங்கே பிபி என்பது ஏயைவிட உயர்ந்தது. கால்கரியில் எழுத்தோடு எண்ணும் உண்டு, ரியர் 1, ரியர் 2 என்று போகும். அமெரிக்காவில் ட்றிப்பிள் ஏயை ரியர் 1 என்பார்கள். ஆனால் மினசோட்டாவில் ஊர்ச் சங்கங்களே ஆட்சி செய்வதால் அங்கே ஒரு பெரிய ஊரின் பீவீ ஏ அணி, வேறு மாநிலத்து ட்றிப்பிள் ஏயோடு தோள்தட்டி நிற்கும். எழுத்து ஒன்று, நாணயம் வேறு. ரொறன்ரோவுக்குள்ளேயே ட்றிப்பிள் ஏ பட்டியலின் கடைசி அணிக்கும் டபிள் ஏயின் முதல் அணிக்கும் நடுவில் உள்ள சுவர் வெளியில் இருந்து பார்ப்பவர் நினைப்பதைவிட மெல்லியது.

அப்படியானால் எப்படி அளப்பது? பருவத்தின் நடுவில், உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஆட்டத்துக்குப் போங்கள். நீங்கள் யோசிக்கிற படியில், பட்டியலின் நடுவில் நிற்கும் இரண்டு அணிகள் ஆடும் ஆட்டமாக இருக்கட்டும். மூன்று கோல் போட்ட பிள்ளையைப் பார்க்கவேண்டாம். தோற்கிற அணியில் ஆகத் தடுமாறுகிற பிள்ளை யாரென்று கண்டுபிடித்து, அந்தப் பிள்ளையை மட்டும் ஒரு பீரியட் முழுதும் பின்தொடருங்கள். பக் எத்தனைமுறை அதன் ஸ்ரிக்கில் பட்டது, பட்டபோது தலையை நிமிர்த்த நேரம் கிடைத்ததா அல்லது நெருப்பைத் தொட்டதுபோல் தள்ளிவிட்டதா, பெஞ்சுக்குத் திரும்பும்போது கோச் என்ன சொன்னார் என்று கவனியுங்கள். முதல் வருசம் மேலே ஏறுகிற உங்கள் பிள்ளை பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் இடத்தில்தான் இருக்கும்.

கணக்கும் கொஞ்சம் போடலாம். றெப் அணியில் வழக்கமாக 17 பேர்: இரண்டு கோலி, ஒன்பது முன்வரிசை, ஆறு பின்வரிசை. ஐஸில் ஒரு நேரத்தில் ஐந்து பேரும் கோலியும். எல்லாருக்கும் சமமாகப் பகிர்ந்தாலே ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஆட்ட நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு. கோச் கடைசிப் பத்து நிமிடம் நல்ல ஆட்களை மட்டும் அனுப்பினால் அதிலும் கழியும். என்னுடைய மூத்தவன் ஒரு வருசம் டபிள் ஏ அணியில் பதினைந்தாவது ஆளாக இருந்தான். ஜக்கெற்றில் பெயர் பொறித்திருந்தது. நாங்களும் அதைப் படமெடுத்துக் கொழும்புவரை அனுப்பினோம். பெப்ரவரியில் அவன் பக் வந்தால் பயந்து கண்ணை மூடுகிற நிலைக்கு வந்துவிட்டான். அடுத்த வருசம் ஏயில் இரண்டாவது வரிசையில் ஆடினான், பக்கோடு மூன்று பேரைத் தாண்டப் பழகினான். எந்த வருசம் அவன் ஹொக்கி படித்தான் என்று எனக்குச் சந்தேகமில்லை. அதனால் நான் கையாளும் விதி இது: அணியின் நடுவில், அல்லது நடுவுக்குச் சற்று மேலே பிள்ளை நிற்கக்கூடிய படிதான் சரியான படி. எல்லாரையும் சுலபமாக வெட்டி ஓடுகிற பிள்ளையை ஏற்றுங்கள். வாலில் தொங்குகிற பிள்ளையைத் தொங்கவிடாதீர்கள்.

இனி ட்றைஅவுட். றெப் அணிகளுக்கு இது செப்டெம்பரில் நடப்பதாக நினைத்து ஏமாந்தவர்கள் பலர். அடுத்த பருவத்துக்கான தேர்வு ஏப்ரல், மே மாதங்களிலேயே முடிந்துவிடும். வேறு சங்கத்தின் ட்றைஅவுட்டுக்குப் போவதென்றால் இப்போதுள்ள சங்கத்திடம் அனுமதிப் படிவம் தேவைப்படலாம். உள்ளே போனால் நெஞ்சில் எண் குத்திய மேற்சட்டை கொடுப்பார்கள்; ஒரு மணி நேரம் வீதம் இரண்டு மூன்று நாள்.

கசப்பான ஒன்றையும் சொல்லவேண்டும். பல அணிகளில், குறிப்பாக மேல் படிகளில், ட்றைஅவுட்டின் முதல் மணி அடிக்கமுன்பே முக்கால்வாசி இடங்கள் நிரம்பியிருக்கும். கோச்மார் குளிர்காலம் முழுதும் ஆட்டம் பார்த்துப் பெற்றோருடன் பேசி வைத்திருப்பார்கள். இதைச் சதி என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். ஐம்பது நிமிடத்தில் நாற்பது பிள்ளைகளை எவராலும் அளக்கமுடியாது. நீங்களும் அதே வழியில் போகலாம். ஜனவரியிலேயே அந்த அணியின் மனேஜருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, பிள்ளை ஒரு பயிற்சியில் வந்து ஸ்கேற் பண்ணலாமா என்று கேளுங்கள். இன்னொரு வழி, மாற்று ஆட்டக்காரர் முறை. மேல்படி அணியில் ஆள் குறைந்தால் கீழ்ப்படி அணியிலிருந்து பதிவு செய்த பிள்ளையை அழைக்கலாம். அரீனாவில் இதை ஏபி என்பார்கள். ஏபியாகப் போய் மூன்று ஆட்டம் ஆடிவந்த பிள்ளைக்கு மேல்படி ஏற்றதா என்று பத்து ட்றைஅவுட்டைவிடத் தெளிவாகத் தெரிந்துவிடும்.

இடம் தருகிறோம் என்று கோச் சொன்னால், பதில் சொல்ல ஒரு நாளாவது கேளுங்கள். "இப்பவே கையெழுத்து வையுங்கோ, இல்லாட்டி அடுத்த ஆளுக்குக் குடுத்திடுவன்" என்பவரிடம் பிள்ளையை ஆறு மாதம் விடவேண்டுமா என்று யோசிப்பதற்கு அதுவே போதுமான காரணம். அந்த ஒரு நாளில் கேட்டுவைக்க வேண்டியவை: சென்ற ஆண்டு வரவுசெலவு எழுத்தில் உண்டா, கோச்சுக்குச் சம்பளமா, பயிற்சியும் ஆட்டமும் என்ன விகிதம், மூன்றாம் பீரியடில் சமநேரம் உண்டா, எத்தனை சுற்றுப்போட்டி வெளியூரில், அங்கே குறிப்பிட்ட ஹொட்டேலில்தான் தங்கவேண்டுமா. கையெழுத்து வைத்தபின் அந்தப் பருவம் அந்த அணியோடு கட்டுப்பட்டதுதான். விடுவிப்புக் கேட்டு அலைவது சுகமான வேலை அல்ல.

பணத்தைப்பற்றி நம்மவர்கள் வாய்திறந்து பேசமாட்டார்கள், நான் பேசுகிறேன். ஏ அணிக்குச் சில ஆயிரம் டொலர். ரொறன்ரோவில் ட்றிப்பிள் ஏயின் ஒரு பருவம், பயணமும் தனிப்பயிற்சியும் சேர்ந்து பத்தாயிரத்தைத் தாண்டுவது புதுமை இல்லை. அணி சொல்லும் கட்டணத்தில் ஐஸ், நடுவர், கோச் அடங்கும். ஸ்ரிக், ஸ்கேற்ஸ், பெற்றோல், ஹொட்டேல், டெற்றோயிற்றில் மூன்று நாள் சாப்பாடு அடங்காது. கோலி என்றால் கவசம் மட்டும் தனி உலகம். கட்டணம் கட்டச் சிரமமான குடும்பங்களுக்கு ஜம்ப்ஸ்ராட், கிட்ஸ்போட் போன்ற அமைப்புகள் உதவுகின்றன. பல சங்கங்களில் அமைதியாகக் கேட்டால் தவணைமுறையும் உண்டு. கேட்பதில் மானம் ஒன்றும் போய்விடாது. இரண்டாவது அடைமானம் எடுத்து ட்றிப்பிள் ஏ ஆடவைக்கிற வீடு ஒன்றை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை ஆடும்போது அதன் தோளில் அந்தக் கடனும் ஏறி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

உடல்மோதல் எங்கே தொடங்குகிறது என்பதும் படிநிலையோடு சேர்ந்த கேள்விதான். யூ 13க்கும் அதற்குக் கீழும் உடலால் மோதித் தள்ளும் ஆட்டத்தை 2013இல் நாடு முழுவதும் ஹொக்கி கனடா நிறுத்தியது. ஒன்ராறியோவில் அது றெப்பின் மேல்படிகளில் யூ 14இலிருந்து வருகிறது. ஹவுஸ் லீக்கில் கிடையாது. பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை ஆறடிக்கு வளர்ந்திருக்கும், இன்னொன்றுக்குக் குரலே உடைந்திருக்காது. ஹொக்கியை விரும்பும், மோதலை வெறுக்கும் பிள்ளைகள் அந்த வயதில் படி இறங்குவதில் எந்தக் குறையும் இல்லை. எந்தப் படியானாலும் தலையில் அடிபடும் ஆபத்து உண்டு. ரக்பி ஆட்டத்தில் தலையில் அடிபட்டு 2013இல் இறந்த 17 வயது றோவன் ஸ்ரிங்கர் என்ற ஒட்டாவா மாணவியின் பெயரால் ஒன்ராறியோ 2018இல் ஒரு சட்டம் இயற்றியது. பதிவின்போது அதற்கான அறிவூட்டல் பக்கத்தைப் படித்து ஒப்புக்கொள்ளச் சொல்லுவார்கள். பெட்டியில் சரி போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவாமல், பிள்ளையையும் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள்.

பெண்பிள்ளைகளுக்கு 1975இல் தொடங்கிய ஓ.டபிள்யூ.எச்.ஏ. என்ற தனி அமைப்பு ஒன்ராறியோவில் உண்டு. அங்கே நீண்டகாலம் டபிள் ஏதான் உச்சி. அதற்குக் கீழே ஏ, பிபி, பி, சி. ஆகவே மகள் டபிள் ஏ என்றால் அதைப் பையன்களின் டபிள் ஏயோடு வைத்துக் குறைக்கவேண்டாம். உடல்மோதல் இல்லை. சின்ன வயதில் பையன்களின் அணியிலும் ஆடலாம், பலர் ஆடுகிறார்கள். 2024 ஜனவரி 1இல் பெண்கள் தொழில்முறை லீக்கின் முதல் ஆட்டம் ரொறன்ரோவில் நடந்த பிறகு ஆர்வம் கூடியிருக்கிறது; இந்தப் பக்கப் பதிவுக்கு முந்திக்கொள்வது நல்லது.

சரி, ட்றிப்பிள் ஏ ஆடினால் என்.எச்.எல்.? இந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை, எல்லாருக்கும் உள்ளே இருக்கிறது. 1975இல் பிறந்து ஒன்ராறியோவில் ஹொக்கி ஆடிய ஏறக்குறைய 30,000 பையன்களை ஜிம் பார்ஸல்ஸ் என்பவர் பின்தொடர்ந்து கணக்கெடுத்தார். என்.எச்.எல். அணிகள் தேர்ந்தெடுத்தது 48 பேரை. ஓர் ஆட்டமாவது ஆடியவர்கள் 32. ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒருவர். ஒன்ராறியோவின் ஜூனியர் லீக்கான ஓ.எச்.எல்.லின் அணிகள் இருபதும் யூ 16 வயதில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கின்றன. அதைத்தான் பெற்றோர் பத்து வயதிலிருந்து குறிவைக்கிறார்கள். ஆனால் பாதை அது ஒன்றல்ல. ரொறன்ரோவில் பிறந்த மார்க் ஜியோர்டானோவை என்.எச்.எல். தேர்வில் எந்த அணியும் எடுக்கவில்லை. 2019இல் 35 வயதில் அந்த லீக்கின் சிறந்த பின்வரிசை ஆட்டக்காரர் விருதை வாங்கினார். முன்பு ஓ.எச்.எல். ஆடினால் அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கிக் கதவு மூடிவிடும். 2024 நவம்பரில், பல்கலைக்கழக விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு அந்த விதியை மாற்றியது. 2025 பருவத்திலிருந்து இரண்டும் ஆடலாம். பதினாறு வயதில் ஏதோ ஒன்றைத் தெரிவுசெய்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடி பாதி தணிந்துவிட்டது.

கடைசியாக ஒரு நடைமுறைக் காரியம். ட்றைஅவுட் முடிவு தெரியும்வரை காத்திருந்து ஹவுஸ் லீக்குக்கு ஓடினால் சில சங்கங்களில் இடம் முடிந்திருக்கும். மார்ச்சிலேயே ஹவுஸ் லீக்கில் பெயரைக் கொடுத்து, றெப்பில் எடுபட்டால் காசு திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேற்ஸை மட்டும் ஓகஸ்ட் கடைசிவரை வாங்காதீர்கள். கோடையில் கால் வளரும்.